பிள்ளைகளின் எடையைச் சத்தமாகப் படிக்காதீர்கள்

சேலம் மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

"இளைச்சுப் போயிட்டியே, வீட்டுல சோறு போடலையா?" என்று கேட்பது நம் பக்கத்தில் பாசம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுப்போம். அவளுக்கே வரன் பார்க்கும்போது உடம்பைக் குறைக்கச் சொல்வோம். இதற்கு நடுவில்தான் பள்ளியில் எடை பார்க்கிறார்கள். பெயரையும் கிலோவையும் வகுப்பில் படித்தால் அன்றைக்கே பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.

தனி அறையில், ஒவ்வொருவராக அளவெடுங்கள். எடைக் கருவி சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். செருப்பைக் கழற்ற வேண்டும், ஏற்காட்டில் ஸ்வெட்டரையும். உயரம் பார்க்கையில் குதிகால் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மடித்துக் கட்டிய சடை உச்சந்தலையில் இருந்தால் உயரம் கூடும். கணக்கில் பிள்ளை மெலிந்ததாக வரும்.

பெரிய தவறு அடுத்ததுதான்: பெரியவர்களுக்கு மெலிவுக் கோடான 18.5 என்ற பி.எம்.ஐ. அளவைப் பிள்ளைகளுக்குப் போடுவது. (பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்.) 12 வயதுப் பெண், 145 செ.மீ., 38 கிலோ என்றால் பி.எம்.ஐ. 18.1. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி அந்த வயதுப் பெண்களின் நடு அளவே 18.0. மெலிவு என்பது 14.4க்குக் கீழே, கூடுதல் எடை 20.8க்கு மேலே. நடுவில் இருப்பவளை 'எடை குறைவு' என்று எழுதி அனுப்பினால் மறுநாளே வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி ஆரம்பமாகிவிடும்.

ஜவ்வரிசி நம் ஊரின் பிழைப்பு, அதன்மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அது முழுக்க மரவள்ளி மாவு. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. சர்க்கரை போட்டுத் தினமும் குடித்தால் எடை ஏறும், ரத்தசோகை தீராது. உண்மையில் மெலிந்த பிள்ளைக்கு முட்டை, வேகவைத்த தட்டைப்பயறு, ஒரு கைப்பிடி நிலக்கடலை கொடுக்கச் சொல்லுங்கள். மலைப் பிள்ளைகளின் ராகிக்களியைக் கேலி செய்ய விடாதீர்கள். 100 கிராம் ராகியில் 300 மி.கிராமுக்கு மேல் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 தேறினால் அதிகம்.

தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்த நம் ஊர்த் தின்பண்டம்) தின்னும் பிள்ளையிடம் "அதனாலதான் இப்படி இருக்கே" என்று சொல்லவே கூடாது. வெட்கத்தில் மதியச் சோற்றை ஒதுக்கும். சாயங்காலம் பசி தாங்காமல் இன்னும் இரண்டு செட் கேட்கும்.

முடிவை மூடிய உறையில் பெற்றோரிடம் மட்டும் கொடுங்கள். எடையோடு உயரமும், போன தடவை எடுத்த அளவும் அதில் இருக்கட்டும். மெலிவுக் கோட்டுக்குக் கீழேயோ கூடுதல் எடைக் கோட்டுக்கு மேலேயோ உள்ள பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மற்றவர்களை ஆறு மாதம் கழித்து அளந்தால் போதும்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவர்கள், சேலம்