ராக்கெட் போபா ஃபெட்: விற்பனைப் பதிவுகள் பற்றி

நண்பர்களே, வணக்கம். ‘ஒரிஜினல்’ ராக்கெட் போபா ஃபெட் (ஸ்டார் வார்ஸ் படக் கதாபாத்திரமான போபா ஃபெட்டின், ராக்கெட் ஏவும் பொம்மை) என்று குழுவில் விலையோடு படம் போடுவது கூடிவிட்டது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பொம்மை கடைக்கு வரவே இல்லை.

1979இல் கென்னர் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம், ஸ்டார் வார்ஸ் பொம்மை அட்டைகளிலிருந்து நான்கு கூப்பன்களை வெட்டி அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் இலவசம் என்று விளம்பரம் செய்தது. அதற்குள் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்த குட்டி ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பின்வாங்கியது. விளம்பரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள். தபாலில் வந்ததோ ராக்கெட் அசையாதபடி பொருத்திய பொம்மை, கூடவே ஒரு விளக்கக் கடிதம். பாவம் பிள்ளைகள்!

ராக்கெட் பாயும் வகையில் மிஞ்சியவை, விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த தொழிற்சாலை மாதிரிகள் மட்டுமே. அப்படி ஒன்று 2024 ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

நகல் வைத்திருப்பது தப்பில்லை, என்னிடமும் உண்டு. ஆனால் இனி பதிவில் ‘நகல்’ என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்.

அப்புறம், கென்னர் கைவிட்ட ‘ஏலியன்’ படச் சிறு பொம்மைகளை 2013இல் சூப்பர்7 என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்டதே, அவை யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள்.

— நிர்வாகி