ஒரே பார்ட்டில் இருவர் கை வைத்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேட் (கம்ப்யூட்டரில் டிசைன் வரையும்) மென்பொருள் விற்க வரும் யாரைக் கேட்டாலும், "ஒரே டிசைனில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்" என்கிறார்கள். அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கிறது. மூன்றுக்கும் விலை வேறு, தொல்லையும் வேறு. டை, மோல்டு செய்யும் சிறு டூல் ரூம்காரர்களும் கல்லூரிகளும் பணம் கட்டுமுன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலாவது, பழைய ஷேர்டு ஃபோல்டர். ஃபைல் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், எல்லோரும் லேன் வழியாகத் திறப்பார்கள். பார்ப்பவர்கள் பலர், திருத்துபவர் ஒருவர்தான். ஆட்டோகேடில் ஒருவர் டிராயிங்கைத் திறந்ததும் அதே பெயரில் டிடபிள்யூஎல், டிடபிள்யூஎல்2 என்று இரண்டு குட்டி ஃபைல்கள் உருவாகும். யார் திறந்திருக்கிறார் என்ற விவரம் அவற்றில் இருக்கும். அடுத்து வருபவருக்கு ரீட்-ஒன்லிதான். நடுவில் கரண்ட் போய்விட்டால் அந்தக் குட்டி ஃபைல்கள் அப்படியே தங்கிவிடுவதுண்டு. அப்போது யாருமே தொடாத டிராயிங்கை இன்னொருவர் வைத்திருப்பதாக மென்பொருள் சாதிக்கும். எந்த மெஷினிலும் அது திறந்திருக்கவில்லை என்று நேரில் பார்த்துவிட்டு அவற்றை அழித்தால் சரியாகிவிடும்.

இந்தப் பூட்டு ஒரே சர்வரில் இருக்கும் ஃபைலுக்குத்தான் செல்லும். அதே ஃபோல்டரை டிராப்பாக்ஸ் போன்ற ஒன்றில் போட்டால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நகல் உட்கார்ந்துவிடும். இருவரும் தனித்தனியே சேமித்தால் அது 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று இரண்டாவது ஃபைலை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கட்டுரை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒட்டிவிடலாம். ஒரு பாகத்தின் வடிவம் இருக்கும் பார்ட் ஃபைலில் அதற்கு வழியில்லை, ஒருவர் உழைப்பைத் தூக்கி எறிந்தே ஆக வேண்டும்.

பல பார்ட்டுகள் சேர்ந்த அசெம்ப்ளி திறக்க நேரமாகிறது என்று புது மென்பொருளைத் தேடுபவர்கள் முதலில் சுவர் ஓரத்துக் கேபிளைப் பார்க்கட்டும். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் 400 எம்பி அசெம்ப்ளி வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் ஸ்விட்சில் 4 நொடி. கேட்-5இ வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும், ஆனால் 4 ஜோடிக் கம்பிகளும் இணைந்திருக்க வேண்டும். கேபிள் நுனியில் கனெக்டரைக் கிரிம்ப் செய்தவர் இரண்டு ஜோடியோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்விட்சும் 100க்கு இறங்கிவிடும்.

இரண்டாவது வகைக்குக் கட்டட வேலையில் புழங்கும் ரெவிட் நல்ல உதாரணம். சென்ட்ரல் மாடல் ஒன்று சர்வரில் இருக்கும். ஒவ்வொருவரும் அதன் லோக்கல் நகலில் வேலை செய்து, அதைச் சென்ட்ரலோடு சேர்க்க அவ்வப்போது 'சிங்க்' கொடுப்பார்கள். ஒரு சுவரைத் தொட்டால் அந்தச் சுவர் அவர் கைக்கு இரவல் போகும், அவர் திருப்பிக் கொடுக்கும் வரை மற்றவரால் அதை அசைக்க முடியாது. ஒழுங்கு இருந்தால் அருமையாக ஓடும் முறை. ஒழுங்கு தவறுவது எங்கே என்றால், சென்ட்ரல் ஃபைலையே நேராகத் திறந்துவிடுவது, இரவல் வாங்கியதைத் திருப்பாமல் லீவில் போவது, மாலை ஆறு மணிக்கு எல்லோரும் சேர்ந்து சிங்க் கொடுப்பது. இன்னொன்று, எல்லோரிடமும் ஒரே ஆண்டுப் பதிப்பு இருக்க வேண்டும். ஒருவர் புதிய பதிப்பில் மாற்றிச் சேமித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.

மூன்றாவதுதான் உண்மையாகவே ஒரே நேரத்தில் செய்வது. 2015ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஆன்ஷேப் அப்படிப்பட்டது. சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக் உள்ளிட்டவர்கள் உருவாக்கியது. 2019ல் பிடிசி நிறுவனம் அதை வாங்கியது. இதில் ஃபைல் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாற்றமும் சர்வரில் வரிசையாகப் பதிவாகிறது. வடிவக் கணக்கைச் செய்யும் பாராசாலிட் கெர்னல் சர்வரில் ஓடுகிறது, நம் பிரௌசருக்கு வருவது முக்கோணங்களாக வெட்டிய மேற்பரப்பு மட்டும்.

கணக்கை ஏன் ஓரிடத்தில் வைக்க வேண்டும்? அவரவர் மெஷினிலேயே செய்துகொண்டு கட்டளைகளை மட்டும் அனுப்பினால் டேட்டா மிச்சம்தானே என்று கேட்கலாம். ஆராய்ச்சிகளில் அப்படியும் செய்திருக்கிறார்கள். பாராசாலிட் 0.00001 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் இரண்டு புள்ளிகள் ஒன்றா வேறா என்று முடிவு செய்கிறது. ஒரு மெஷினில் கெர்னலின் பதிப்பு சற்றே வேறாக இருந்து, அந்த முடிவு ஒரே ஓர் இடத்தில் மாறினால் போதும். இவர் திரையில் இருக்கும் விளிம்பு அவர் மாடலில் இல்லாமல் போகும். அதற்குப் பிறகு வரும் கட்டளைகள் எல்லாம் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மேல் விழும்.

சர்வரில் வைத்தாலும் ஒரு வம்பு தீராது. விற்பவர்கள் வாய் திறக்காத இடம் இதுதான். இருவர் சேர்ந்து எழுதும் கடிதத்தில் நீங்கள் மேலே ஒரு வரி சேர்த்தால் என் வரி கீழே நகரும், அவ்வளவுதான். கேட் மாடல் அப்படி அல்ல. ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப்படம்), அதன் மேல் எக்ஸ்ட்ரூட் (அதற்குக் கனம் கொடுப்பது), அதில் துளை, அதன் விளிம்பில் ஃபில்லெட் (கூர்மையை வளைவாக்குவது) என்று ஒன்றன் தோளில் ஒன்று நிற்கும். 10 மில்லிமீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதன் ஒரு மூலை விளிம்பில் 3 மில்லிமீட்டர் ஃபில்லெட் போடுகிறேன். அதே நிமிடம் நீங்கள் மாடலின் படிப்படியான வரலாற்றில் எனக்கு முந்தைய படிக்குப் போய் அந்த மூலையையே வெட்டி எடுக்கிறீர்கள். இரண்டு கட்டளையும் சரி, இரண்டும் பதிவாகிவிட்டன. ஆனால் ஃபில்லெட் பிடித்துக்கொண்டிருந்த விளிம்பு இப்போது இல்லை. மாடல் சிவப்பாகிப் பிழை காட்டும். அதைவிட மோசம், சிவப்பாகாமல் ஃபில்லெட் வேறொரு விளிம்புக்குத் தாவுவது. அது பெரும்பாலும் பொருள் தயாரிப்பு மெஷினில் ஏறிய பிறகே கண்ணில் படும். விளிம்புக்கு நிலையான பெயர் வைப்பது எப்படி என்ற இந்தச் சிக்கல் ஒருவர் மட்டும் வேலை செய்யும்போதும் உண்டு. இலவச மென்பொருளான ஃப்ரீகேட் இதைத் தணிக்கும் வழியை 2024ல் வந்த 1.0 பதிப்பில்தான் சேர்க்க முடிந்தது. இருவர் கை வைக்கும்போது இது அடிக்கடி தலைகாட்டும்.

ஸ்கெட்சிலும் இதே கதைதான். ஒருவர் அகலம் 60 என்று அளவு வைக்கிறார். இன்னொருவர் துளையை இடது விளிம்பிலிருந்து 20, வலது விளிம்பிலிருந்து 30 என்று வைக்கிறார். தனித்தனியே பிழையில்லை, சேர்த்தால் 10 மில்லிமீட்டருக்குக் கணக்கு இல்லை. இருவர் திரையிலும் ஒரே உருவம் தெரிவதால் இருவர் மனதில் இருந்ததும் அதில் வந்துவிட்டதாக ஆகாது. ஆகவே, ஒரே பார்ட்டில் இருவர் என்பதைவிட ஒரே அசெம்ப்ளியில் ஆளுக்கொரு பார்ட் என்று பிரித்து, பொது அளவுகளை மட்டும் ஓரிடத்தில் வைத்து, அதை மாற்றும் உரிமையை ஒருவரிடம் கொடுப்பதே எங்கள் பரிந்துரை.

பதிப்பு வேறுபாடு பெரிய இடத்தையும் விடவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானம் ஒன்றில் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையில் கேட்டியா என்ற கேட் மென்பொருளின் நான்காம் பதிப்பு, பிரான்சின் துலூஸ் ஆலையில் ஐந்தாம் பதிப்பு. ஒரு பக்கத்து மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஹாம்பர்க்கில் தயாரான ஒயர் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006ல் டெலிவரி மீண்டும் மீண்டும் தள்ளிப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

டெமோ பார்க்கும்போது விற்பவரின் மெஷினில் பார்க்காதீர்கள். உங்கள் இணைப்பில், இரண்டு கம்ப்யூட்டரில், மேலே சொன்ன தகட்டையே செய்து பாருங்கள். மூலையை வெட்டினால் எச்சரிக்கை வருகிறதா? நீங்கள் 'அன்டூ' கொடுத்தால் உங்கள் கடைசி வேலை போகிறதா, பக்கத்து ஆள் செய்தது போகிறதா? பத்து நிமிடம் நெட்டைப் பிடுங்கினால் என்ன மிஞ்சுகிறது? பணம் கட்டுவதை நிறுத்தினால் டிசைனை 'ஸ்டெப்' எனும் பொது வகை ஃபைலாக மட்டும்தான் எடுக்க முடியுமா? ஸ்டெப்பில் உருவம் வரும், படிப்படியான வரலாறு வராது. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் போடும் டிசைன் ஊரே பார்க்கும்படி இருக்கும் என்பதையும், கஸ்டமர் டிராயிங்கை அதில் ஏற்றுமுன் நினைவில் கொள்ளவும். சர்வர் தூரத்தில் இருப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மாடலைச் சுழற்றுவது உங்கள் கிராபிக்ஸ் கார்டு. ஃபைபரில் 5,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு 50 மில்லிநொடி ஆகும், நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு மட்டும் வைத்திருப்பதுதான் பெரிய தொல்லை.

கல்லூரி கேட் லேப்களில் பயிற்சி என்றால் ஒரு மாணவர், ஒரு மெஷின், ஒரு பார்ட்தான். ஆன்ஷேப்பின் கல்வித் திட்டம் இலவசம். செமஸ்டரில் ஒரே ஒரு வகுப்பை ஒதுக்கி, இரண்டிரண்டு மாணவர்களாக ஒரு தகட்டைக் கொடுத்து, ஒருவர் ஃபில்லெட் போடும்போது மற்றவர் மூலையை வெட்டட்டும்.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.