அம்மிணிக்கு, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னது மனதை விட்டு அகலவில்லை. சனிக்கிழமை இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் இறந்துபோன உன் நோயாளியைப் பற்றி நீதான் பேச வேண்டுமாம். "நாலு ஸ்லைடில் முடித்துவிடுவேன் அம்மா, எல்லார் முன்னாலும் குற்றவாளி மாதிரி நிற்க முடியாது" என்றாய். முப்பது வருடம் வார்டில் நர்ஸாக நின்றவள் கேட்கிறேன், அப்படி முடித்துவிடாதே கண்ணு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 1994 ஐப்பசி, அடைமழை. எனக்கு இரவுப் பணி. விடியற்காலை நாலரை மணிக்குக் கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கரும்பாலைக் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவர். வயிற்றுவலி, வாந்தி. உடம்பில் கடிவாய் எதுவும் இல்லை. வயிற்றுக் கோளாறு என்று டாக்டர் ஊசி எழுதினார், நான் போட்டேன். ஐந்தரைக்குப் பார்த்தபோது இமைகள் பாதி மூடியிருந்தன. 'தூக்கக் கலக்கம்' என்று கேஸ் ஷீட்டில் என் கையாலேயே எழுதினேன். ஏழு மணிக்கு மூச்சுத் திணறியது. கோயம்புத்தூருக்கு அனுப்ப வண்டி வருவதற்குள் போய்விட்டார். மறுநாள் அந்தக் கொட்டகையில் ஒரு கட்டுவிரியனை அடித்தார்களாம். தூங்குகிறவரை அது கடித்தால் பல நேரம் வலியும் இராது, தடமும் இராது. விடியலில் வயிறு வலிக்கும், பிறகு இமை இறங்கும், கடைசியில் மூச்சு.

அவர் இறப்பைப் பற்றி நடந்த கூட்டத்தில் பெரிய டாக்டர், "யார் பார்த்தது?" என்று கேட்கவே இல்லை. கரும்பலகையில் மணிகளை வரிசையாக எழுதி, எந்த மணிக்கு எது கண்ணுக்குத் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக நர்ஸுகளான எங்களையும் உட்கார வைத்திருந்தார். என் வரியை வாசித்தபோது எழுந்து, இமையைப் பார்த்தும் தூக்கம் என்று நினைத்துவிட்டேன் என்றேன். கால் நடுங்கியது. யாரும் திட்டவில்லை. போஸ்டனில் ரிச்சர்ட் கபாட் என்ற மருத்துவர் 1910-இல் ஆயிரம் பிரேதப் பரிசோதனைகளை நோயறிதலோடு ஒப்பிட்டு, தவறியவற்றை அச்சிலேயே வெளியிட்டார் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். நோயாளியைப் பாராத ஒரு டாக்டர் சபை நடுவே வாய்விட்டு யோசிப்பதும், பிரேதப் பரிசோதனையில் கண்டதை வைத்து நோய்க்குறியியல் மருத்துவர் கடைசியில் விடை சொல்வதும் கபாட் வளர்த்த முறைதானாம். பெயர் பெற்றவர்களே அங்கே தவறுவார்களாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு விடியலில் வயிற்றுவலியோடு யார் வந்தாலும், இரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்டோம். கூரையைப் பார்க்கச் சொல்லி இமை தாழ்கிறதா என்று கவனித்தோம். மூச்சு தளர்கிறதா என்று அறிய, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னோம். அடுத்த மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஓடிப்போய் டாக்டரை எழுப்பினேன். விஷமுறிவு மருந்து ஏற்றி, குழாய் போட்டு மூச்சுக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு நடந்தே போனாள்.

ஆகையால் மணிகளை மறைக்காமல் வை. நீ சந்தேகப்பட்ட நேரம், சந்தேகப்படாமல் விட்ட நேரம், இரண்டையும் வை. அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று உன் பேராசிரியரிடம் கேள். நீ காணாத ஏதோ ஒன்றை அவர் கண்டிருப்பார்.

நாட்டுச் சர்க்கரை அனுப்பியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும், எத்தனை மணியானாலும், கூப்பிடு. அந்த சிஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா