இசையரங்கில் ஒலிதான் முதல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு நகரம் கலை மையம் கட்டும்போது முகப்பு எப்படி இருக்கும், எத்தனை இருக்கைகள், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்றெல்லாம் மாதக்கணக்கில் பேசுகிறார்கள், ஆனால் உள்ளே பாட்டு எப்படிக் கேட்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

நியூயார்க் லிங்கன் சென்டரின் இசையரங்கையே பாருங்கள். 1962இல் திறந்தார்கள், ஒலி சரியில்லை என்று ஆரம்பத்திலிருந்தே புகார், 1976இல் உட்புறத்தை முழுசாக மாற்றிக் கட்டினார்கள், அப்படியும் குறை தீராமல் 2022இல் மறுபடியும் புதுப்பித்து, 2,700க்கு மேல் இருந்த இருக்கைகளை 2,200 ஆகக் குறைத்து, மேடையையும் ரசிகர்கள் பக்கம் நகர்த்தினார்கள். பாஸ்டன் சிம்பொனி ஹாலோ வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளரின் ஆலோசனையோடு கட்டி 1900இல் திறந்தது, இன்றும் அதன் ஒலியைப் புகழ்கிறார்கள்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கு போதும் என்பார்கள். பேச்சு தெளிவாகக் கேட்க, அரங்கின் முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் ஓசை, சுமார் ஒரு நொடியில் அடங்க வேண்டும், சிம்பொனி இசைக்கு அது இரண்டு நொடி வரை நீடித்தால்தான் அழகு. இரண்டும் வேண்டுமென்றால், பேச்சின்போது முழக்கத்தைக் குறைக்க, சுவரோரம் இழுத்து மூடும் கனமான திரைகளுக்காவது வரைபடத்திலேயே இடம் விடுங்கள். ஒலியியல் நிபுணரையும் அந்த வரைபடம் போடும் நாளிலேயே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு இசை ரசிகர்