பிரம்புக்கும் பாராமுகத்துக்கும் இடையே ஒரு வழி வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறையில் ஆசிரியரை அவமதிக்கும் மாணவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பிரம்பை ஆசிரியர் கையில் திரும்பக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றே அவற்றில் பல முடிகின்றன. தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளிடம் அன்பாக இருந்தால் போதும் என்று அறிவுரை கூறிவிட்டு நகர்ந்துவிடுவோரின் கருத்தையும் ஏற்க முடியவில்லை.

பிரம்பு பற்றிய விவாதம் சட்டத்தின் பார்வையில் எப்போதோ முடிந்துவிட்டது. தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல்சார்ந்த தண்டனையை நீக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதை மட்டுமின்றி மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் தடைசெய்து, மீறுபவர்மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் முறையாகச் செயல்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர்” என்று சேர்க்கையின்போது சொல்லிச் செல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள், நம்பிக்கையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடிக்கு அடங்கும் பிள்ளை அடிப்பவர் எதிரில் நிற்கும்வரைதான் அடங்கியிருக்கும். கண்டிப்பான ஆசிரியரின் பாடவேளையில் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, அடுத்த பாடவேளையில் மென்மையான ஆசிரியரிடம் இரு மடங்கு ஆரவாரம் செய்த வகுப்புகளை, பிரம்பு புழங்கிய காலத்தில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

என் வருத்தம் வேறு. பிரம்பை எடுத்த அரசு, அது இருந்த இடத்தில் உருப்படியாக எதையும் வைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோது நாடே அதிர்ந்தது. அதன்பின் நடமாடும் உளவியல் ஆலோசனை வாகனங்கள் வந்தன. ஒரு வாகனம் பல மாவட்டங்களைச் சுற்றிவர வேண்டிய நிலையில், நாள்தோறும் ஒரு வகுப்பில் புகைந்துகொண்டிருக்கும் சிக்கலை அது எப்படி அறியும்? கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் திறந்ததும், மாணவர்கள் ஆசிரியரை வசைபாடுவதும் மேசைகளை உடைப்பதுமான காணொளிகள் 2022இல் அடுத்தடுத்துப் பரவின. அந்த மே மாதம் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்றும் அதன் காரணம் மாற்றுச் சான்றிதழில் குறிப்பிடப்படும் என்றும் சட்டப்பேரவையில் அறிவித்தார். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நீக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், சான்றிதழில் அப்படி ஒரு வரியைச் சுமந்து செல்லும் பதினைந்து வயதுச் சிறுவனை அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளுமா? அவன் செங்கல் சூளைக்கோ பரோட்டாக் கடைக்கோதான் போவான்.

இதனால் ஆசிரியர்களிடையே வளர்ந்திருப்பது பாராமுகம். கடைசி வரிசையில் ஒருவன் விசிலடிக்கிறான், ஒருவன் மேசையில் தாளம் போடுகிறான், ஒருவன் பட்டப்பெயர் சொல்லி அழைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். கண்டித்தால் ஒளித்துவைத்திருக்கும் கைப்பேசியில் அது பதிவாகி, முன்னும் பின்னும் வெட்டப்பட்ட அரை நிமிடக் காட்சியாக ஊரெல்லாம் சுற்றும். விசாரணை முடிவதற்குள் பணியிடை நீக்கம் வந்துவிடும் என்ற அச்சம். “எதற்கு வம்பு” என்று கரும்பலகையைப் பார்த்தபடியே பாடத்தை முடித்துவிட்டு வெளியேறுகிறோம். இதனால் இழப்பு யாருக்கு? முன்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்க முயலும் பிள்ளைகளுக்கு முதலில். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தக் கடைசி வரிசைச் சிறுவனுக்கு. தான் என்ன செய்தாலும் ஒருவரும் தன்னைப் பொருட்படுத்தப்போவதில்லை என்பதை அவன் அங்கே உறுதியாகத் தெரிந்துகொள்கிறான். பிரம்படியை விட இது குறைந்த கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குழப்பம் செய்யும் மாணவனின் கணக்கு நோட்டை ஒருமுறை பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால் பாதிக் காரணம் விளங்கிவிடும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது ஐந்தாம் வகுப்பின் நடுவில் இருந்தது. பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் பழக வேண்டிய காலம் முழுவதும் வீட்டில் கழிந்தது. எட்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் இடையில் எங்கும் நிற்காமல், அந்தக் குழந்தை 2025-26 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, இயற்கணிதத்தின்முன் அமர்ந்தது. எல்லோருக்கும் தேர்ச்சி என்ற கொள்கையை நான் குறைகூறவில்லை. பெயிலாக்கினால் அந்தப் பிள்ளை படிப்பையே விட்டிருக்கும். ஆனால் விட்டுப்போன பாடத்தைத் தேடிப்பிடித்துக் கற்பிக்காமல் மேலே ஏற்றிவிடும்போது, தனக்குத் தெரியாது என்பதைத் தோழர்களிடமிருந்து மறைப்பதே அந்தப் பிள்ளையின் முழுநேர வேலையாகிவிடுகிறது. “எழுந்து விடை சொல்” என்ற சொல்லுக்கு ஒரு நக்கலான பதில் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்துவிட்டால், விடை தெரியாதவன் என்ற பெயரிலிருந்து தப்பித்து, துணிச்சல்காரன் என்ற பெயரைப் பெற்றுவிடலாம் அல்லவா?

இன்னொரு பாதி வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளரும் வயதில், வெறும் வயிற்றோடு வரும் உயர்நிலை வகுப்பு மாணவனுக்கு மதிய உணவுதான் முதல் உணவு. திருமண மண்டபங்களில் இரவு முழுவதும் பந்தி பரிமாறிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஊரில் நிலவும் சாதிப் பகையும் மணிக்கட்டுக் கயிற்றின் நிறமாக வகுப்பறைக்குள் நுழைந்து, எந்த ஆசிரியர் எந்தச் சமூகம் என்று கணக்குப் போட்டு மரியாதையை அளந்து கொடுக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கோரியதோடு, மாணவர்களின் சிக்கல்களைக் கவனிக்கும் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கவும் பரிந்துரைத்தது. கயிறு பற்றி ஊடகங்கள் பேசிய அளவுக்கு அந்த அலுவலர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் பார்வையில் அந்த அறிக்கையில் ஆசிரியர்களுக்கு மிகவும் வேண்டிய பரிந்துரை அதுதான்.

காரணங்களை அறிந்துகொள்வது நடத்தையை மன்னித்துவிடுவதற்காக அன்று. எங்கே தொட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர்கள் சிலரிடமிருந்து நான் கற்ற முறை ஒன்று உண்டு. நாற்பது பேர் முன்னிலையில் ஒருவனை எழுப்பி வாதாடக் கூடாது. அந்த வாதத்தில் தோற்பதற்கு அவனுக்கு வழியே இல்லாதபடி நண்பர்களின் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாடத்தை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல், நடந்து சென்று அவன் மேசையருகே நின்று அங்கிருந்தே அடுத்த வரியைக் கற்பித்தால் பெரும்பாலான சலசலப்பு அடங்கிவிடுகிறது. அடங்காதபோது, “இடைவேளையில் என்னைப் பார்” என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இடைவேளையில் அவன் வந்ததும் “ஏன் அப்படிச் செய்தாய்” என்று தொடங்கினால் சுவரைப் பார்ப்பான். “இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய், காலையில் என்ன சாப்பிட்டாய்” என்று தொடங்கினால் பேசுவான். அதன்பின் அவன் செய்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்லி, யாருடைய நேரத்தை வீணாக்கினானோ அவர்களுக்கு அதை எப்படி ஈடுசெய்வான் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து, சொன்னதை மறுநாள் மறவாமல் கேட்க வேண்டும். கேட்பதை ஒருநாள் விட்டாலும் முந்தைய உழைப்பு முழுவதும் வீண். ஒரு மாணவனுக்கு ஒரு நீதி, நன்றாகப் படிக்கும் மாணவனுக்கு வேறு நீதி என்று இருந்தாலும் அப்படித்தான்; பிள்ளைகள் எதை மறந்தாலும் ஓரவஞ்சனையை மறப்பதில்லை.

இதற்கு அடங்காத செயல்களும் உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியைகளைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பது, உடையையும் உடலையும் பற்றிக் கேட்கும்படி பேசுவது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, கைநீட்டுவது ஆகியவற்றைக் குறும்பு என்று தலைமையாசிரியர் அறையில் பேசி முடித்துவிடக் கூடாது. “வயசுப் பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள், நீங்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும்” என்ற பேச்சைக் கேட்டு மனம் கசந்து இடமாறுதல் கேட்ட ஆசிரியைகளை நான் அறிவேன். அத்தகைய செயல் அன்றே எழுத்தில் பதிவாக வேண்டும். பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். உளவியல் ஆலோசகரிடம் மாணவனை அனுப்புவது கட்டாயமாக வேண்டும்.

பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் வழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. நூறு நாள் வேலையையோ பீடிச் சுற்றையோ விட்டுவிட்டு வரும் தாய், எல்லோர் முன்னும் கைகட்டி நின்று, அவமானம் தாங்காமல் மகனை அங்கேயே அடிக்கிறார். மறுநாள் அவன் வருவதில்லை. மாலையில் அல்லது விடுமுறை நாளில், மகனின் ஒரு நல்ல பண்பையும் சேர்த்துச் சொல்லும் உரையாடலாக அது அமைந்தால், அந்தத் தாய் எங்களுக்குத் துணையாக நிற்பார்.

இவற்றையெல்லாம் பி.எட். படிப்பில் எங்களுக்குக் கற்பித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட பின்னரும், பயிற்சி ஆசிரியர்களுக்கு அமைதியான வகுப்பையே ஒதுக்கி, பின்னால் நிரந்தர ஆசிரியரை உட்காரவைக்கும் வழக்கம்தான் நான் பார்த்த பள்ளிகளில் தொடர்கிறது. அடங்காத வகுப்பை அவர்கள் முதன்முதலாகச் சந்திப்பது வேலையில் சேர்ந்த பிறகுதான், அதுவும் தனியாக.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்தச் செயலுக்கு என்ன நடவடிக்கை, அதை யார் எடுப்பது, எத்தனை நாளுக்குள், எங்கே பதிவு செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் ஒரே நடைமுறையைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர், பெற்றோர் முன்னிலையில் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நடைமுறைப்படி நடந்த ஆசிரியர்மீது, வெட்டி ஒட்டப்பட்ட ஒரு காணொளியை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது; மீறி அடித்தவரைக் காப்பாற்றவும் கூடாது. பள்ளி நல அலுவலர் பணியிடங்களை, குறைந்தபட்சம் மாணவர் எண்ணிக்கை மிகுந்த மேல்நிலைப் பள்ளிகளிலாவது, வரும் கல்வியாண்டிலேயே நிரப்ப வேண்டும். அவர்களுக்குக் கணினியில் விவரம் ஏற்றும் வேலையைக் கொடுக்காமல், மாணவர்களோடு அமர்ந்து பேசும் வேலையை மட்டும் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியை (கணிதம்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
தென்காசி மாவட்டம்.