பழைய கேமராவுக்கும் ஆயுள் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஃபிலிம் கேமரா கட்டுரை, 'பழையதே நன்றாக ஓடும்போது புதியது எதற்கு' என்று கேட்டு முடிந்திருந்தது. முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1986இல் வாங்கிய மெக்கானிக்கல் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் கேமரா) ஒன்று இன்னும் என்னிடம் ஓடுகிறது. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போல இதிலும் ஷட்டர் ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும்தான் ஓடும். பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். ஆனால் அது சும்மா ஓடவில்லை. பின்மூடி ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுத்து உதிர்ந்து, வெளிச்சம் புகுந்து, ஒரு கல்யாண ரோலே வீணானது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் இரண்டு முறை பூசணம் பிடித்தது. உள்ளே கிரீஸ் காய்ந்து ஷட்டர் வேகம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் பிரித்துச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் இப்போது உயிரோடு இல்லை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் யாரும் வரவும் இல்லை.

எலக்ட்ரானிக் கேமராக்கள் பாடு இன்னும் கஷ்டம். கான்டாக்ஸ் டி2 என்ற சிறிய ஃபிலிம் கேமராவுக்கு இன்று ஏக கிராக்கி. ஆனால் அதைத் தயாரித்த கியோசெரா 2005இலேயே கான்டாக்ஸை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சர்க்யூட் போனால், இன்னொரு செத்த கேமராவிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். இருக்கிற எண்ணிக்கை குறையுமே தவிர கூடாது.

புதியதில் என்ன இருக்கிறது? நிக்கான் எஃப்6 2020இல் நின்றுபோனது. 2022இல் திரும்ப வந்த லைக்கா எம்6 ஐயாயிரம் டாலருக்கு மேல், அது நமக்கில்லை. 2024இல் பென்டாக்ஸ் 17 வந்தது, வந்தபோது அமெரிக்காவில் 500 டாலர். அரை ஃபிரேம் கேமரா, ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு எடுக்கும், 36 பட ரோலில் 72 படம். லென்ஸ் மாற்ற முடியாது, தூரத்தை நாமே கணித்து வைக்க வேண்டும். குறைகள்தான், சரி. ஆனால் ஃபிலிமைக் கையால் சுற்றும் லீவரோடு அதை உருவாக்க, ஓய்வுபெற்ற பழைய பொறியாளர்களிடம் போய் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மெக்கானிக்கோடு போன மாதிரி அந்த வித்தை அங்கே போய்விடவில்லை.

உங்கள் கட்டுரையில் பழுதுபார்ப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஃபிலிம் கேமராவைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடி, அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியல் வெளியிடுங்களேன். எனக்கு இரண்டு பேரைத் தெரியும். கேட்டுவிட்டு முகவரி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்திய வாசகர்,
நாகர்கோவில்