டேப்பைப் பிழைக்க வைத்த அண்ணாச்சிக்கு

செங்கோட்டையில், சாரல் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி, உங்க பேரைக்கூடக் கேட்காமல் விட்டாச்சு. இது உங்க கண்ணில் படணும்.

லீவு நாள், சுக்குக் காப்பி, நாகஸ்வரக் கேசட். பாதிப் பாட்டில் டேப்ரெக்கார்டர் நாடாவை மென்றுவிட்டது.

யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்தீங்க. "இழுக்காதீங்க, அறுந்துரும்" என்று சொல்லி, ரப்பர் உருளையைப் பின்பக்கமாக விரலால் சுற்றிச் சுற்றி நாடாவை விடுவிச்சீங்க. கசங்கினதை ஆறுபட்டைப் பென்சிலால் உள்ளே சுருட்டினீங்க. 90 நிமிட நாடா 60 நிமிடத்தைவிட மெல்லிசு, அதான் சீக்கிரம் சிக்குதாம். நாடாவில் இருக்கிற பாட்டைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்கப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ரப்பர் உருளைக்கு அது ஆகாது, சோப்புத்தண்ணி போதும்.

எல்லாத்துக்கும் காரணம், உள்ளே மோட்டார் சுற்றைக் கடத்துற ரப்பர் பெல்ட்! அது தளர்ந்தால் நாடாவை வாங்கிச் சுற்றும் பக்கம் சோர்ந்துபோகும், நாடா வெளியே கொட்டும். வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டியது தடுமாறினால் சுருதியும் அலையும். பழைய பெல்ட்டை நூலால் அளந்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சின்னதாக வாங்கச் சொன்னீங்க. வாங்கி மாட்டியாச்சு, சுருதி நிற்குது.

காசு நீட்டினப்போ கோபம் வேற! ரொம்ப நன்றி அண்ணாச்சி. உங்க பென்சில் டீக்கடைக் கல்லாவில்தான் இருக்கு.